போல்ட்டைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: என்னிடம் 1982-ம் வருட மெர்சிடிஸ் 240டி இருக்கிறது, டபிள்யூ 123 வகை, அப்பா ஓட்டிய வண்டி. மலை இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைகிறது. அதனால் முன்பக்கம் வெண்டிலேட்டட் டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் போடப்போகிறேன். அதோடு 14 இன்ச் இரும்பு வீலை எடுத்துவிட்டு, டபிள்யூ 124 காரின் 15 இன்ச் அலாய் வீல் மாட்ட ஆசை. பழைய போல்ட்டே போதும் என்கிறார் மெக்கானிக். நீளமாகவே வாங்கு, கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்கிறார் நண்பர். லேத்தில் கடைந்து தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூவரும் சொல்வது ஆபத்து. அதிலும் நண்பரின் யோசனைதான் அதிக ஆபத்து, ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கிறது.

வண்டியின் எடையை வீல் போல்ட் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை வீலை ஹப்போடு அழுத்திப் பிடிப்பது. ஒவ்வொரு போல்ட்டும் சில டன் விசையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் வீலுக்கும் ஹப்புக்கும் இடையே பிறக்கும் உராய்வுதான் எடையையும் பிரேக் விசையையும் சுமக்கிறது. வீலை நடுவில் நிறுத்துவது ஹப்பின் வட்ட விளிம்பு; உங்கள் வண்டியில் அதன் விட்டம் 66.6 மி.மீ. எனவே போல்ட்டில் பார்க்க வேண்டியவை: மரை, தலைக்கு அடியில் இருக்கும் இருக்கையின் வடிவம், நீளம், உலோகத்தின் தரம். இவற்றில் ஒன்று தப்பினாலும் அழுத்தம் குறையும். குறைந்தால் வீல் ஆட ஆரம்பிக்கும்.

மரையில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இரண்டு மாடலுக்கும் 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி. ஐந்து போல்ட், 112 மி.மீ. வட்டம். இருக்கையும் ஒன்றுதான்: கோள வடிவம், ஆரம் 12 மி.மீ. ஆனால் வெளிச்சந்தை அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு இருக்கை வரும். கூம்புக் குழிக்குள் கோளத் தலையை இறக்கினால் மெல்லிய வளையம் அளவுக்குத்தான் தொடும். இறுக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். நாளடைவில் அலுமினியம் நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் தலைக்கு அடியில் மார்க்கர் மை தடவி, கையால் இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். குழி முழுக்க மை ஒட்டியிருக்க வேண்டும்.

ஸ்கோடா சூப்பர்ப் வீலும் 112 வட்டம்தானே என்று யாராவது கொண்டுவருவார்கள். அதன் நடு ஓட்டை 57.1 மி.மீ., போல்ட் 14 மி.மீ., இருக்கை ஆரம் 13. உங்கள் ஹப்பில் ஏறவே ஏறாது. இன்னோவா வீலோ 114.3 வட்டம். 2.3 மி.மீ. வித்தியாசத்தை இழுத்துப் பிடித்து மாட்டித் தருவதாகச் சொல்லும் கடையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள்.

இனி நீளம். இரும்பு வீல் மெல்லிய தகடு, அலாய் வீல் தடிமன். பழைய போல்ட்டை அலாயில் போட்டால் ஹப்புக்குள் நாலைந்து சுற்றுதான் இறங்கும். 12 மி.மீ. போல்ட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது, அதாவது 8 முழுச் சுற்றாவது மரை பிடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. கையால் திருகி எண்ணிப் பாருங்கள். இதைவிட எளிய சோதனை கிடையாது.

அதிக நீளம் ஏன் ஆகாது? உங்கள் வண்டியின் பின் அச்சில், டிஸ்க்கின் கிண்ணத்துக்குள் ஹேண்ட் பிரேக் ஷூ உட்கார்ந்திருக்கிறது. நீளமான போல்ட் உள்ளே துருத்தி ஷூவிலோ ஸ்பிரிங்கிலோ போய் இடிக்கும். முன்பக்கம் அமைப்பே வேறு. டபிள்யூ 123-ல் முன் டிஸ்க் ஹப்பின் பின்னால் பூட்டப்பட்டிருப்பதால், வீல் நேராக ஹப்பின் மேல் உட்காருகிறது. தடிமனான டிஸ்க் போட்டாலும் போல்ட்டின் நீளக் கணக்கு மாறாது. ஆனால் ஹப்பைத் தாண்டி நீளும் முனைக்கும் புது டிஸ்க்குக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பார்த்தாக வேண்டும். பின்பக்கத்திலோ டிஸ்க்கின் கிண்ணமே வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் வருகிறது. வேறு தயாரிப்பு டிஸ்க் போட்டால் அதன் தடிமனையும் சேர்க்க வேண்டும். ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக அளவெடுங்கள். போல்ட்டை இறுக்கியபின் கையால் வீலைச் சுற்றுங்கள். லேசான உரசல் கேட்டாலும் கழற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. உங்கள் பழைய வீல் 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 30 மி.மீ. டபிள்யூ 124 வீலில் பரவலாகக் கிடைப்பது 6.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 48 அல்லது 49. கணக்குப் போட்டால் வீலின் உள்விளிம்பு சுமார் 31 மி.மீ. உள்ளே போகிறது. பெரிய காலிப்பரும் அங்கேதான் இருக்கிறது. ஸ்பேசர் போடாமல் தப்புவது கடினம். ஸ்பேசர் எத்தனை மி.மீ. தடிமனோ அத்தனை மி.மீ. போல்ட்டும் நீள வேண்டும். நடுவில் 66.6 விளிம்பு உள்ள ஸ்பேசராக வாங்குங்கள். தட்டையான தகடு வேண்டாம். இதனால்தான் போல்ட்டைக் கடைசியில் வாங்கச் சொல்கிறேன். பிரேக்கைப் பூட்டி, வீலை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஸ்பேசரை முடிவு செய்தபின் வெர்னியரால் அளந்து ஆர்டர் கொடுங்கள். விற்பவர் சொல்லும் நீளம் இருக்கைக்குக் கீழிருந்தா, தலையிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பாதிப் பார்சல் திரும்பிப் போவது இந்தக் குழப்பத்தால்தான்.

கோவை லேத்காரர்களின் கைத்திறன் எனக்கும் தெரியும். ஆனாலும் வீல் போல்ட்டைக் கடைந்து வாங்க வேண்டாம். நல்ல போல்ட்டின் தலை அடித்து உருவாக்கப்பட்டது. மரை உருட்டி எடுக்கப்பட்டது. பிறகு வெப்பப் பதம் ஏற்றப்பட்டது. 10.9 என்ற தரக்குறி தலையில் இருக்கும். கம்பியைக் கடைந்து அந்தப் பலத்தைக் கொண்டுவர முடியாது. நீளம் கூடிவிட்டதென்று வாஷர் போடுவதும் கூடாது; இருக்கையே கெட்டுவிடும்.

இறுக்கம் 110 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால், நட்சத்திர வரிசையில். மரையில் கிரீஸ் வேண்டாம்: அதே அளவில் இறுக்கினாலும் போல்ட் அதிகமாக இழுபடும். வீலுக்குப் புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தால் இருக்கைக் குழியில் உள்ள பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்க விடாதீர்கள்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு வீல்தானே? அதற்கு அலாய் போல்ட்டைப் போட்டால் நேராக ஹேண்ட் பிரேக்கில் போய் இடிக்கும். பழைய குட்டை போல்ட் ஐந்தையும் துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியோடு வைத்து, டிரைவருக்கும் சொல்லிவையுங்கள். ஸ்டெப்னியின் விட்டமும் ஆஃப்செட்டும் வேறு என்பதால், அதைப் புது காலிப்பர் மேல் ஒருமுறை மாட்டிப் பார்ப்பதும் அவசியம். ஏறவில்லையென்றால் ஐந்தாவது அலாய் வீலுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டியதுதான்.

கேள்வி: போல்ட்டுக்குப் பதில் ஸ்டட், நட் போட்டுவிட்டால் வீல் மாட்டுவது சுலபம் இல்லையா?
– இன்னொரு வாசகர், திருச்சி

பதில்: அடிக்கடி வீல் மாற்றும் ரேஸ் வண்டிக்குச் சரி. வருடத்துக்கு இரண்டு தடவை கழற்றுவதற்கு எதற்கு? ஓட்டைக்கு நேராக வீலைத் தூக்கிப் பிடிப்பதுதான் தொல்லை என்றால், பழைய போல்ட் ஒன்றின் தலையை வெட்டி வழிகாட்டிக் கம்பியாக ஹப்பில் திருகி, வீலை அதில் தொங்கவிட்டு மற்ற நாலையும் போடுங்கள். பின்னாளைய மெர்சிடிஸ் டூல் கிட்டில் இப்படி ஒரு கம்பியை கம்பெனியே கொடுத்தது.