500 யூனிட்டைத் தாண்டினால்...

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு எப்போதும் 480, 490 யூனிட் ஓடும். இந்தத் தடவை 530 ஆகிவிட்டது. நாற்பது யூனிட்தானே கூடியிருக்கிறது, பில் மட்டும் ஏன் இப்படி எகிறியது? பழைய ஏ.சி. ஒன்று இருக்கிறது, ராத்திரி இரண்டு மூன்று மணி நேரம் போட்டுவிட்டு நிறுத்திவிடுவோம். மாமியாருக்கு 78 வயது. அவர் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். “ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா” என்று என் கணவர் சொல்லப்போக, இப்போது புழுக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. எதைத்தான் குறைப்பது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் மாமியார் அறை ஃபேனைப் போட்டுவிடுங்கள். மதுரை வெயிலில் அந்த வயதுக்காரர் காற்றில்லாமல் இருப்பது உடம்புக்கு ஆபத்து. பில்லைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. அதுவும் அதே அறையில்தான் இருக்கிறது.

பில் எகிறியதற்குக் காரணம், நீங்கள் 500 யூனிட்டைத் தாண்டியதுதான். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். பிறகு விலை கொஞ்சம் ஏறியது. ஆனாலும் அந்தத் தொகைகள் புரிந்துகொள்ளச் சுலபம். அந்தக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், அங்கேயும் 4.50 ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கோ 8 ரூபாய். எனவே 530 யூனிட்டுக்கு 2,190 ரூபாய். கடைசி முப்பது யூனிட்டின் விலை 465 ரூபாய்! வீட்டுச் செலவை இழுத்துப் பிடிப்பவர்களை இந்த ஒரு கோடு எவ்வளவு படுத்துகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஐம்பது யூனிட்டைக் குறைத்தால் போதும், வீட்டில் யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை.

அந்த ஐம்பது எங்கே? பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். அறுபது நாளில் 90 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் என்று கடைகளில் கேட்டால் தருவார்கள். அது ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். அறுபது நாளுக்கு 36 யூனிட். மாமியார் அறையில் இந்த ஒரு ஃபேனை மட்டும் மாற்றினால் 54 யூனிட் மிச்சம். 530 என்பது 476 ஆகும். பில் 1,581 ரூபாய்க்கு இறங்கும். ஒவ்வொரு தடவையும் இப்படி 500-ஐத் தாண்டுவதாக இருந்தால், ஃபேன் விலை மூவாயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஓராண்டுக்குள் திரும்பிவிடும். மாட்டும்போது எலக்ட்ரீஷியனிடம் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ரிமோட்டில் இயங்குபவை இவை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி ரிமோட்டை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே விழுந்தால் குனிந்து தேடும் வேலை அவருக்கு வேண்டாம்.

வாட்டோடு, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. 9 வாட் எல்.இ.டி. பல்பு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்தில் மூன்று யூனிட்கூட ஆகாது. அதற்காகப் பிள்ளைகளைத் திட்டுகிறோம். ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ் சுமார் 10 வாட்டை ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருப்பதைக் கவனிப்பதில்லை. டி.வி. பார்க்காத நேரத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணையுங்கள். பத்துப் பன்னிரண்டு யூனிட் கையில் நிற்கும்.

ஏ.சி.யை 26-இல் வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

இன்னொன்று. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, ரீடிங் எடுத்த நாளின் எண்ணைக் குறித்துவையுங்கள். ஞாயிறுதோறும் மீட்டரைப் பாருங்கள். முப்பதாம் நாள் அந்த எண்ணிலிருந்து 250 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால், மீதி முப்பது நாளுக்கு எதைக் குறைக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். பில் வந்த பிறகு கவலைப்பட்டு என்ன பயன்?

கேள்வி: மாடித் தொட்டி நிறைய முன்பு 25 நிமிடம் ஆகும். இப்போது 40 நிமிடம் ஓடினாலும் நிறையவில்லை. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். அதனால் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பில்லில் ஏறத்தான் செய்யும். ஆனால் கோளாறு மோட்டாரில்தான் என்று எப்படித் தெரியும்? கோடையில் போர் தண்ணீர் கீழே இறங்கியிருந்தால் நல்ல மோட்டாரும் மெதுவாகத்தான் ஏற்றும். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் தண்ணீர் திரும்பிக் கீழே ஓடும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் செக் வால்வு தேய்ந்திருக்கலாம், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். கெபாசிட்டர் வலுவிழந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் விலை சில நூறு ரூபாய்தான். இரண்டும் சரியாக இருந்து, பக்கத்து வீட்டுப் போரிலும் தண்ணீர் நன்றாக வந்தால் மட்டும் மோட்டாரை வெளியே எடுங்கள். எடுத்ததும் முதலில் குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா, மணல் அரித்து இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு புது மோட்டாரைப் பற்றிப் பேசுங்கள்.