வாடிய செடிக்கு உரம் போடாதீர்கள்

"செடி தலை தொங்கிடுச்சா? சத்து பத்தலை. ஒரு பிடி யூரியா போடுங்க, ரெண்டு நாள்ல நிமிர்ந்துடும்."

நர்சரிக்காரர் சொல்கிறார், மாடித்தோட்டம் போட்டிருக்கும் அடுத்த வீட்டுக்காரர் சொல்கிறார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரும் சொல்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்தப் பேச்சை நம்பிக் கோடைதோறும் கத்தரியையும் தக்காளியையும் ரோஜாவையும் கொன்றுவிட்டு, "எனக்குக் கைராசி இல்லை" என்று தொட்டியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஈர மண்ணில் நின்றுகொண்டே அந்தச் செடி தாகத்தில் செத்தது.

சத்துக் குறைந்தால் செடி பொதுவாக இப்படித் துவளாது. தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் மஞ்சளாகும், வளர்ச்சி குன்றும். இலை துவண்டு தொங்குகிறது என்றால் அது தண்ணீர்க் கணக்கில் வந்த கோளாறு. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாமல் உர மூட்டையைப் பிரிப்பது காய்ச்சலா, அஜீரணமா என்று கேட்காமலே ஊசி போடுவதற்குச் சமம்.

தக்காளிச் செடியின் இலையையும் இளந்தண்டையும் நிமிர்த்தி வைத்திருப்பது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர்தான். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பெரிய நுண்குமிழ்ப்பை இருக்கிறது. அதில் சர்க்கரையும் உப்புகளும் கரிம அமிலங்களும் கரைந்த சாறு. வெளியே மண்ணில் உள்ள தண்ணீர் அதைவிட நீர்த்தது. நடுவில் இருக்கும் சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும், கரைந்த பொருள்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் தண்ணீர் செறிவு மிகுந்த பக்கத்துக்கு, அதாவது செல்லுக்குள் போகிறது. இதுதான் சவ்வூடு பரவல். போன தண்ணீர் செல் சுவரை உள்ளிருந்து அழுத்த, செல் விறைத்து நிற்கிறது. சுவர் உறுதியாக இருப்பதால் செல் வெடிப்பதில்லை. தண்ணீர் போய்வரும் வழிகளில் முக்கியமானது அக்வாபோரின் என்னும் புரதம். அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தப் புரதம் வாசல் மட்டுமே. தண்ணீர் உள்ளே போவதா, வெளியே வருவதா என்பதைச் சவ்வின் இரு பக்கத்துச் செறிவும் அழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன.

இப்போது அந்த ஒரு பிடி யூரியாவுக்கு வருகிறேன். பிடி 30 கிராம், நனைந்த தொட்டி மண் பிடித்திருக்கும் தண்ணீர் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியாவின் மூலக்கூறு எடை 60. ஆக, லிட்டருக்குக் கால் மோல். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற வான்ட் ஹாஃப் கொடுத்த சமன்பாட்டில் போட்டால், 25 டிகிரி வெப்பத்தில் சவ்வூடு பரவல் அழுத்தம் 6 பாருக்குச் சற்று மேலே வருகிறது. காய்கறிச் செடியின் வேர்ச் செல்லுக்குள் இருக்கும் சாறும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் சமமாகிவிட்டால் வேர் எதை இழுக்கும்? இதுகூட யூரியா சீராகப் பரவினால்தான். குருணை விழுந்து கரையும் இடத்தில் செறிவு இதைப் போல் பல மடங்கு. அங்கே தண்ணீர் வேரை விட்டு வெளியே ஓடும். போதாததற்கு, யூரியா சில நாளில் மண்ணிலேயே அம்மோனியாவாக உடைந்து வேர் நுனியைச் சுடும்.

ஜாடியில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்த மாவடு சில நாளில் சுருங்கித் தன் தண்ணீரிலேயே மிதக்கிறதே, வேருக்கு நடப்பதும் அதுதான். பிளஸ் டூ ஆய்வகத்தில் ரியோ இலையின் ஊதாத் தோலை உரித்து, உப்புக் கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஊதாச் சாறு சுவரை விட்டு விலகிச் சுருங்கும். பிளாஸ்மா சிதைவு என்று எழுதி மார்க்கும் வாங்கியிருப்பார்கள். அவர்களே மாடியில் யூரியாப் பொட்டலத்தோடு நிற்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. படித்தது எதற்கு?

"நான் போட்டேன், நிமிர்ந்ததே" என்பார்கள். உரத்தோடு ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினீர்கள் அல்லவா? வெயில் தாழ்ந்ததும் நீராவிப்போக்கும் குறைந்தது அல்லவா? அதனால் நிமிர்ந்தது. நடுப்பகலில் துவண்டு மாலையில் தானாக நிமிரும் பூசணிக்கும் கத்தரிக்கும் யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே உரம் போட்டுவிட்டீர்களா? மேலே தெரியும் குருணையைப் பொறுக்கி எடுங்கள். தொட்டியை நிழலுக்கு மாற்றி, அடித்துளை வழியாக ஓடும்படி நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு, மூன்று மடங்கு மெதுவாக ஊற்றுங்கள். சுருங்கிய ரியோ தோலை உடனே நல்ல தண்ணீரில் போட்டால் செல்கள் மறுபடி விறைக்கும். நாள் கடத்தினால் விறைக்காது. புதுத் துளிர் வரும்வரை எந்த உரமும் வேண்டாம். உரம் எதுவும் போடாமலே ஈர மண்ணில் செடி வாடுகிறதா? வேரைப் பாருங்கள். அழுகலாக இருக்கலாம், கத்தரியிலும் தக்காளியிலும் பாக்டீரியா வாடலாகவும் இருக்கலாம். தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் போனாலும் வேரின் அக்வாபோரின் வாசல்கள் மூடிக்கொள்ளும்.

இயற்கை உரம் எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்பதும் பொய்தான். மட்காத கோழி எருவில் உப்பு ஏராளம். பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்வது சும்மா இல்லை. இந்த உப்பு மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று சவ்வு விசாரிக்காது.

இன்னொரு பேச்சும் உண்டு: மத்தியானம் தண்ணீர் தெளித்தால் துளிகள் லென்ஸ் மாதிரி இலையைப் பொசுக்குமாம். ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள்: வழவழப்பான இலையில் பொசுங்கல் இல்லை, துளியைத் தூக்கிப் பிடிக்கும் ரோமமுள்ள இலைகளில் மட்டும் வாய்ப்புண்டு. உங்கள் இலையில் கருகல் தெரிந்தால் தெளித்த தண்ணீரின் உப்பையும் சந்தேகப்படுங்கள்.

தென்னைக்கு உப்பு நல்லது, ஆகவே எல்லா மரத்துக்கும் நல்லது என்கிறார்கள். தென்னைக்குக் குளோரைடு தேவை, உப்பையும் தாங்கும். எலுமிச்சை தாங்காது. அவ்வளவுதான்.

உரத்தில் கை வைக்காதவர்களும் தண்ணீரில் ஏமாறுகிறார்கள். ஆர்.ஓ. எந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை "வீணாக்க மனமில்லை" என்று தொட்டியில் ஊற்றுகிறார்கள். போர்த் தண்ணீரின் உப்பையெல்லாம் ஒதுக்கிச் சேர்த்த தண்ணீர் அது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். 2000 காட்டும் தண்ணீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்குச் சுமார் 3 டெசிசீமன்ஸ். மண்ணிலிருந்து எடுத்த சாற்றில், அதே அலகில், பீன்ஸ் தாங்கும் எல்லை 1, தக்காளிக்கு 2.5, பார்லிக்கு 8 என்று ஆய்வாளர்கள் மாஸும் ஹாஃப்மனும் 1977இலேயே பட்டியல் போட்டுவிட்டார்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு ஊற்றலிலும் அது மண்ணில் ஏறிக்கொண்டே போகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுண்ணாம்பு என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இவ்வளவுக்கும் உப்பில்லாத தண்ணீர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் மொட்டை மாடியிலேயே கொட்டுகிறது. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று அடைத்துக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்யுங்கள். முதல் மழை தூசியைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழைக்கு அடியில் ஒரு 200 லிட்டர் பேரலை வைத்து, வாயில் கொசு வலையைக் கட்டுங்கள். அந்தத் தண்ணீரைப் பீன்ஸுக்கும் ரோஜாவுக்கும் நாற்றுகளுக்கும் ஒதுக்குங்கள். உப்புப் பூத்த தொட்டிகளை அலசவும் அதையே ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும்.