பயிலுநரா, கடைக்காரரா?

கரவெட்டியிலுள்ள எங்கள் வீட்டில் இப்போது ஒரே பேச்சு: நானா நைட்டாவில் மின்சார வேலை பழகும் பயிலுநராகச் சேர்வதா, நெல்லியடியிலுள்ள வாப்பாவின் தையற்கடையைப் பொறுப்பேற்பதா?

நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது. வேலைத்தளத்திலேயே பழகி, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். 7 மட்டங்களில் 4ஆவது கைத்தொழிலில் முழுத் தேர்ச்சியைக் குறிக்கும். அந்தச் சான்றிதழ் கொழும்புக்கும் கட்டாருக்கும் கூடவே வரும். கடை வராது.

கடைக் கணக்கு வேறு. ஜனவரியில் பாடசாலைச் சீருடை, பிறகு பெருநாள், தீபாவளி. இடையில் வாடகைக்கே திண்டாட்டம். கடன் கொப்பியில் உள்ளதைக் கேட்க வாப்பாவுக்குக் கூச்சம். ஊசியில் நூல் கோக்கவும் இப்போது கண் தெரிவதில்லை. ஆனாலும், அளவு கொடுக்காமலே துணியை வைத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் கடை பூட்டிக்கிடந்தால் அவர்கள் வேறிடம் பழகிவிடுவார்கள்.

பலர் அறியாத வழி ஒன்றுண்டு. கடையில் தொழில் பழகியவரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி, அந்தத் தொழிலுக்கான தகைமையைப் பெறலாம். சான்றிதழ் பிந்தியும் கிடைக்கும். போன வாடிக்கையாளர் திரும்புவது கடினம். ஆகவே கடைதான் முதலில் என்பது என் கருத்து.

கதீஜா நாயகி (ரழி) வணிகம் நடத்தியதை இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். துணி வெட்டவும் கொலர் வைக்கவும் எனக்கும் தெரியும். கடையைப் பற்றி என்னிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.