தக்காளி விலை ஏறினால் ஆதாயம் யாருக்கு?

விலைவாசி ஏறும்போதெல்லாம் அதற்குக் காரணம் யார் என்ற வாதம் எழுவது வழக்கம். இந்த வாதத்தில் விவசாயியின் பெயரும் அடிபடுகிறது. எனவே விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதை விவசாயப் பெருமக்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு 2023ஆம் ஆண்டின் தக்காளி விலை நல்ல பாடமாகும்.

நடந்தது என்ன?

2023 மே மாதத்தில் மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியில் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினர். ஜூலையில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் ஆந்திரத்தின் கர்னூல் பகுதியில் விலை மறுபடியும் அடிமட்டத்துக்கு வந்தது. இத்தனையும் ஐந்தே மாதங்களில் நடந்தவை.

அப்போது நடைமுறையில் இருந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் 100 பங்கில் ஏறக்குறைய 46 பங்கு உணவுப் பொருள்கள். அதில் காய்கறிக்கு 6 பங்கு. காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 37 சதம் கூடவே, ஜூனில் 4.87 சதமாக இருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44 சதமாயிற்று. காய்கறி விலை அரசியல் மேடைக்கு வருவதன் காரணம் இதுதான்.

யார் சொல்வது சரி?

பருவநிலைதான் காரணம் என்றது ஆளும் தரப்பு. அரசின் திட்டமின்மையும் பதுக்கலும் காரணம் என்றது எதிர்த்தரப்பு. டீசல் விலையைச் சொன்னவர்களும் உண்டு. இவற்றைப் பயிரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தக்காளி சில நாட்களில் அழுகிவிடும். அதை மாதக்கணக்கில் பதுக்க முடியாது. வெங்காயத்தை இருப்பு வைக்கலாம். ஆகவே அதில் பதுக்கலுக்கு இடமுண்டு. 2023இல் தக்காளி வரத்துக் குறைந்ததற்கு மழையும், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி நோயும், முந்தைய மாதங்களில் விலை கிடைக்காமல் பலர் சாகுபடியைக் குறைத்ததுமே முக்கிய காரணங்கள்.

அரசு நடவடிக்கைகளும் விலையை அசைக்கும். 2023 ஜூலை 14 முதல் மத்திய அரசு டெல்லியில் கிலோ 90 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வெங்காயத்துக்கு 2023 ஆகஸ்டில் 40 சத ஏற்றுமதி வரியும் டிசம்பரில் ஏற்றுமதித் தடையும் வந்தன. வாங்குபவருக்கு இது நிம்மதி. விளைவித்தவருக்கோ மண்டியில் விலை வீழ்ச்சி. விலை ஏறும்போது தலையிடும் வேகம், விலை சரியும்போதும் வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது நியாயமே.

விவசாயியின் பங்கு

ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைப்படி, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. மீதி கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, லாரி வாடகை, அழுகல் சேதம், வியாபாரியின் லாபம் ஆகியவற்றுக்குப் போகிறது. கடை விலை ஏறிவிட்டது என்பதாலேயே விவசாயி பணக்காரராகிவிட்டார் என்று சொல்வது பொருந்தாது.

விலையைக் கண்டு விதைக்கலாமா?

இங்கேதான் பலர் நஷ்டப்படுகிறார்கள். தக்காளிக்கு நாற்றங்கால் 25 நாள். நட்டபின் முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள். ஜூலை விலையைப் பார்த்து விதைத்தவருக்குக் காய் வருவது அக்டோபரில். 2023இல் அதற்கு முன்பே விலை சரிந்துவிட்டது. இன்றைய விலை இன்று பறிப்பவருக்கு உரியது. இன்று விதைப்பவருக்கு உரியதன்று.

செய்ய வேண்டியவை

1. கிலோவுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுங்கள். உதாரணமாக, ஏக்கருக்கு 80,000 ரூபாய் செலவில் 10 டன் காய்த்தால் கிலோவுக்கு 8 ரூபாய். பறிப்பு, பெட்டி, வாடகை, கமிஷன் 4 ரூபாய் என்றால் மொத்தம் 12 ரூபாய். இந்த எண் கையில் இருந்தால் பேரம் பேச முடியும்.

2. ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல் மூன்றாகப் பிரித்து 20 நாள் இடைவெளியில் நடவும். ஒரு பகுதிக்கு விலை தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கக்கூடும்.

3. நாற்றங்காலை நைலான் வலையால் மூடவும். வயலில் ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கவும். நச்சுயிரி தாக்கிய செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிக்கவும்.

4. விதைக்குமுன் வேளாண் பல்கலைக்கழகத்தின் விலை முன்னறிவிப்பைக் கேட்டறியவும். அருகில் உழவர் சந்தை இருந்தால் ஒரு பகுதியையாவது அங்கே நேரடியாக விற்கவும்.

விலை உயர்வுக்குக் காரணம் யார் என்ற வாதம் தொடரும். அதற்கிடையில், ஊரார் எல்லோரும் தக்காளி நடும்போது சற்று நின்று கணக்குப் பார்ப்பவரே நஷ்டத்திலிருந்து தப்புவார்.