போவதற்கு முன்பே ஒளிக்கு எப்படித் தெரியும்?

பத்தாம் வகுப்பில் ஒளி விலகல் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையிலேயே ஒளி செல்கிறது என்ற ஃபெர்மாவின் கருத்தைக் கூடுதல் தகவலாகச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "போறதுக்கு முன்னாடியே எது சீக்கிரமான பாதைன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"அது இயற்கையின் விதிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அது பதில் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு படித்தபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்று புரிந்தது. ஃபெர்மா தம் கருத்தை வெளியிட்ட 1662ஆம் ஆண்டிலேயே, தெக்கார்த்தின் ஆதரவாளரான கிளெர்சலியே இதே எதிர்ப்பைக் கடிதமாக எழுதியிருக்கிறார். இயற்கை முன்கூட்டி யோசித்துத் தேர்ந்தெடுக்காது என்பதே அவர் வாதம். நம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு கிளெர்சலியே இருந்திருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை.

ஒளி தேர்ந்தெடுப்பதே இல்லை, எல்லாப் பாதைகளும் கணக்கில் சேர்கின்றன என்பதுதான் சரியான பதில். ஹைகென்ஸ் 1678இல் அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் புதிய அலையைக் கிளப்புகிறது என்றார். ஃப்ரெனெல் அந்த அலைகளைக் கட்டத்தோடு சேர்த்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். ஃபெயின்மன் 1948இல் அதே கூட்டலைக் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை முறையாகவே எழுதினார். பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். இந்தக் கூட்டலை வரைபடத்தாளிலும் பாகைமானியிலும் செய்துவிடலாம். இரண்டு பாடவேளை போதும்.

ஓரிடத்தில் விளக்கு. அதற்கு நேர் எதிரே 200 செ.மீ. தொலைவில் நம் கண். இரண்டுக்கும் நட்டநடுவே குறுக்காக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்வோம். விளக்கிலிருந்து கிளம்பும் அலை அந்தக் கோட்டின் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டுக் கண்ணுக்கு வருகிறது. நடுப்புள்ளி வழியே வந்தால் 200 செ.மீ. நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி வந்தால் பிதாகரஸ் தேற்றப்படி ஏறத்தாழ 201 செ.மீ. தள்ளிப்போகும் தொலைவின் வர்க்கத்தை 100ஆல் வகுத்தால் கூடுதல் பாதை கிடைத்துவிடும். நடுப்பகுதிக்கு இந்தத் தோராயம் போதுமானது.

அலைநீளத்தை 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இது கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல, மைக்ரோ அலை. தாளில் வரைய வசதியாக இருக்கும் என்பதற்காக எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் அம்பு. எல்லா அம்புகளுக்கும் ஒரே நீளம். கூடுதல் பாதை ஓர் அலைநீளம் ஆனால் அம்பு ஒரு முழுச்சுற்று சுற்றும். ஆகவே அம்பின் கோணம் தொலைவின் வர்க்கத்தை 3.6ஆல் பெருக்கினால் வரும் பாகை. 0 முதல் 10 செ.மீ. வரை கோணங்கள் இவை: 0, 3.6, 14.4, 32.4, 57.6, 90, 129.6, 176.4, 230.4, 291.6, 360.

இந்தப் பட்டியலை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். பிறகு ஒன்றன் தலையில் அடுத்ததன் வால் படுமாறு அம்புகளைத் தொடர்ச்சியாக வரையச் சொல்லுங்கள். முதல் நான்கைந்து அம்புகள் ஏறத்தாழ ஒரே திசையில் நீளும். அதன்பின் வரிசை வளையத் தொடங்கும். பத்தை நெருங்கும்போது ஜாங்கிரி பிழிவதுபோலச் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளை முதன்முதலில் பார்க்கும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். எழட்டும்.

கோணங்கள் மாறும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. நடுவில் ஒரு செ.மீ. நகர்ந்தால் பாதை நீளம் மாறுவதே இல்லை எனலாம். ஓரத்தில் அதே ஒரு செ.மீ. நகர்ந்தால் நிறைய மாறுகிறது. எனவே நடு அம்புகள் ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன, ஓர அம்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குறைந்த நேரப் பாதைக்குத் தனிச்சிறப்பு எதுவுமில்லை. அதன் அண்டைவீட்டுப் பாதைகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். நடுவிலிருந்து இருபுறமும் 5 செ.மீ. வரை, அதாவது 11 அம்புகள், சேர்ந்தால் மொத்த நீளம் சுமார் 9.4. இருபுறமும் 20 செ.மீ. வரை 41 அம்புகளைச் சேர்த்தால் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் நிற்கிறது. கூடுதலாகச் சேர்த்த 30 அம்புகள் மொத்தத்தைக் குறைத்துவிட்டன! அந்த 30 அம்புகளை மட்டும் தனியே கூட்டினால் நீளம் 2 அளவுக்குத்தான் வருகிறது. திரையில் சரியான அளவில் ஒரு பிளவு வைத்தால், திரையே இல்லாதபோது வருவதைவிட அந்த இடத்துக்கு அதிக ஒளி வரும் என்பது இதன் பொருள். என் மாணவர்கள் இதை நம்ப மறுத்தார்கள். நானும் முதலில் கூட்டலைச் சரிபார்த்தேன்.

அந்த 2 சுழி அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். நடுப்பகுதியை ஒரு பட்டையால் மறைத்தாலும் நிழலின் மையத்துக்குக் கொஞ்சம் ஒளி வந்து சேர்கிறது. 1818இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசுப் போட்டிக்கு ஃப்ரெனெல் தம் அலைக் கணக்கை அனுப்பியபோது நடுவர்களில் ஒருவரான புவாசான் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் துகள் கொள்கையின் பக்கம் நின்றவர். இந்தக் கணக்கு உண்மையென்றால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவில் ஒரு வெளிச்சப்புள்ளி தோன்றவேண்டுமே, இது அபத்தமல்லவா என்றார். மற்றொரு நடுவரான அராகோ வாதாடவில்லை. சோதனை செய்து பார்த்தார். புள்ளி இருந்தது. 1819இல் பரிசு ஃப்ரெனெலுக்குப் போனது.

அப்படியானால் ஒளி ஏன் நமக்கு நேர்கோட்டில் செல்வதாகத் தெரிகிறது? அலைநீளத்தை மாற்றிப் பாருங்கள். பச்சை ஒளிக்கு அது ஏறத்தாழ 0.00005 செ.மீ. அதே ஒரு மீட்டர், ஒரு மீட்டர் அமைப்பில், நம் கணக்கில் 10 செ.மீ. அகலமாக இருந்த ஒத்துழைக்கும் பகுதி 0.7 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஒளிக்கதிர் என்று நாம் அளவுகோல் வைத்துக் கோடு போடுவது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள இந்தப் பகுதியைத்தான்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

மறு ஆண்டு இதே கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் விரிதாளில் கொடுத்தேன். முதல் பத்தியில் தொலைவு, அடுத்ததில் பாதை நீளம், அடுத்ததில் கோணம், பிறகு கொசைன், சைன், அவற்றின் கூடுதல்கள். கோணத்தை ரேடியனுக்கு மாற்ற மறந்தால் எல்லா எண்ணும் குப்பையாகிவிடும். முதலிலேயே எச்சரித்துவிடுவது நல்லது. தோராயம் வேண்டாம், பிதாகரஸ் சூத்திரத்தையே இடுங்கள், இருபுறமும் 30 செ.மீ. வரை போங்கள் என்றேன்.

ஒரு மாணவி சூத்திரத்தை 80 செ.மீ. வரை இழுத்துவிட்டார். அவருடைய வரைபடத்தில் 40 செ.மீ. வரை மொத்த நீளம் ஏழை ஒட்டி ஊசலாடியது. பிறகு 58 செ.மீ.யைக் கடக்கையில் திடீரென்று ஏறி, இறுதியில் இருபதை ஒட்டி நின்றது. நடுவிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் பாதைகள் ஒளியைக் கொண்டுவர வாய்ப்பே இல்லை. "எங்கோ பிழை" என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

பிழை எங்கே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். சூத்திரத்தில் ஒரு தவறும் இல்லை. 57 செ.மீ. வரியிலும் 58 செ.மீ. வரியிலும் கோணங்களின் வேறுபாடு 359 பாகை. ஏறத்தாழ ஒரு முழுச்சுற்று. முழுச்சுற்று சுற்றிய அம்பு சுற்றாத அம்பு போலத்தான் நிற்கும். ஆகவே அங்கே அம்புகள் மறுபடியும் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. இடையில் 57.5இல் ஓர் அம்பு வைத்திருந்தால் அது நேர் எதிர்த்திசையில் நின்று அண்டை அம்பை அழித்திருக்கும். ஒரு செ.மீ.க்கு ஒரு புள்ளி என்று எடுத்ததால் அந்த எதிர் அம்பு கணக்கிலேயே வரவில்லை. அரை செ.மீ. இடைவெளிக்கு மாற்றி, அம்பின் நீளத்தையும் பாதியாக்கினோம். அந்த ஏற்றம் மறைந்தது. ஏழை ஒட்டியே நின்றது.

இதோடு விட்டிருந்தால் 'புள்ளிகளை நெருக்கமாக எடு' என்ற கணினிப் பாடமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு செ.மீ.க்கு ஒரு புள்ளியை மட்டும் எடுப்பது என்றால் என்ன? ஒரு செ.மீ. இடைவெளியில் மெல்லிய பிளவுகள் உள்ள திரை! அதற்கு நம் பாடநூலிலேயே பெயர் உண்டு: விளிம்பு விளைவுக் கீற்றணி. 57.7 செ.மீ. தள்ளி வரும் ஒளி 30 பாகையில் வந்து 30 பாகையில் திரும்புகிறது. இரண்டு சைன்களின் கூடுதல் 1. கீற்று இடைவெளி 1 செ.மீ.; பெருக்கினால் ஓர் அலைநீளம். முதல் வரிசைப் பெருமம். அந்த மாணவி கீற்றணிச் சமன்பாட்டைத் தெரியாமலேயே விரிதாளில் கண்டுபிடித்திருக்கிறார், நான் அதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். பழைய சிடி ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். அதன் தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அவற்றில் தெரியும் வண்ணங்கள் இதே கணக்கின் விளைவு. மதிப்பெண்ணையும் திருத்திக் கொடுத்தேன்.

இதெல்லாம் அலைக்குப் பொருந்தும், ஒற்றை ஃபோட்டானுக்கும் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு ஜி.ஐ. டெய்லரின் 1909ஆம் ஆண்டுச் சோதனையைச் சொல்லலாம். ஓர் ஊசியின் நிழலை மிக மிக மங்கலான ஒளியில் படமெடுத்தார். ஒளியளவு அவ்வளவு குறைவு. நீண்ட பதிவுக்குச் சுமார் மூன்று மாதம் பிடித்தது. பளிச்சென்ற ஒளியில் கிடைக்கும் அதே வரிகள் அதிலும் கிடைத்தன. ஒற்றை ஃபோட்டானுக்கும் எல்லாப் பாதைகளின் அம்புகளையும் கூட்டத்தான் வேண்டும். மொத்த அம்பின் நீளத்தை வர்க்கப்படுத்தினால், ஃபோட்டான் அந்த இடத்தில் பதிவாகும் நிகழ்தகவு எவ்வளவு என்ற ஒப்பீடு கிடைக்கும். எந்தப் பாதையில் போனது என்று அதற்குமேல் கேட்க இந்தக் கணக்கில் இடமில்லை. ஃபெயின்மன் முறையில் எலக்ட்ரானுக்கும் இதே கூட்டல்தான். கூடுதல் பாதையின் இடத்தில் செயல் என்ற அளவு வரும். பள்ளிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நாம் இங்கே ஒரு கோட்டில் உள்ள புள்ளிகளை மட்டும் எடுத்தோம், தொலைவு கூடும்போது அலை வலுக்குறைவதையும் விட்டுவிட்டோம். இதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆர்வமுள்ளவர்கள் சேர்த்துப் பார்க்கட்டும்.

மதிப்பெண் திருத்திய அன்று மாலை அந்த மாணவி இன்னொன்று கேட்டார். "இரண்டு செ.மீ.க்கு ஒரு புள்ளி எடுத்தால் என்ன ஆகும், ஐயா?" இந்த முறை பதில் சொல்லாமல் கணினியைத் திறந்துவிட்டேன். 26 செ.மீ. அருகே ஓர் ஏற்றம், 58 செ.மீ. அருகே இன்னோர் ஏற்றம்.