வழிச் செல்வோரும் நம் பஞ்சாயத்தும்: சுற்றுலாக் கொள்கை பற்றி ஒரு பாடம்

தை பிறந்ததும் கொங்கு நாட்டுச் சாலைகளில் காவடி ஏந்திய மக்கள் பழனியை நோக்கி நடக்கத் தொடங்குகின்றனர். நமது தொப்பம்பட்டி வட்டாரம் பழனிக்கு வடக்கே, தாராபுரம் செல்லும் திசையில் விரிந்த சமவெளியில் அமைந்துள்ளது. ஆதலின் தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர்களில் ஒரு பகுதியினர் நம் ஊர்களின் வழியே செல்கின்றனர். மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் படுத்து உறங்குகின்றனர். நம் குழாய்களில் நீர் அருந்துகின்றனர். விடியுமுன் எழுந்து சென்றுவிடுகின்றனர்.

கிராம சபைக் கூட்டம் ஒன்றில் முதிய விவசாயி ஒருவர் எழுந்து நம்மைக் கேட்டார்: "ஏனுங்கய்யா, சாமி கும்பிடப் போறவங்க நல்லபடியாப் போய்ட்டு வரட்டுமுங்க. ஆனா அவங்க போனதுக்கப்புறம் காட்டுல கிடக்குற பாட்டிலை எல்லாம் நாங்கதானுங்க பொறுக்குறோம். இதுல நம்ம ஊருக்கு என்னங்க மிச்சம்?"

அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் ஆராய்ந்தபோதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. அப்பெரியவர் கேட்ட கேள்வியே, தலைநகரங்களில் சுற்றுலாக் கொள்கை வகுக்கும் அரசாங்க ஆலோசகர்களும் கேட்க வேண்டிய முதற் கேள்வி. அவர்களுடைய வேலை யாது, அதிலிருந்து பஞ்சாயத்துகள் கற்கத்தக்கது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆலோசகர் என்பவர் யார்?

நமது நாட்டில் சுற்றுலா பற்றி அரசாங்கத்திற்கு ஆலோசனை கூறும் வழக்கம் சுதந்திரத்திற்கு முன்னரே தோன்றியது. 1945ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குழுவிற்குச் சர் ஜான் சார்ஜென்ட் தலைவராக இருந்தார். அவர் அப்பொழுது இந்திய அரசாங்கத்தின் கல்வி ஆலோசகர். கல்வித் துறையினரிடம் இவ்வேலை ஒப்படைக்கப்பட்டது என்பதிலிருந்தே, இதற்கெனத் தனித்துறை அன்று இல்லை என்பது விளங்கும். 1949இல் போக்குவரத்து அமைச்சகத்தில் ஒரு கிளை ஏற்பட்டது. 1958இல் அது தனித்துறையாக வளர்ந்தது. அந்நாளில் இதனை உல்லாசப் பயணத் துறை என்றும் வழங்கினர்.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து வெளிநாட்டார் வருகை குறைந்தது. காரணங்களை ஆராய 1963இல் ஒரு குழு நியமிக்கப்பட்டது. பின்னாளில் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக விளங்கிய எல். கே. ஜா அதன் தலைவர். அக்குழுவின் பரிந்துரையின் பயனாகவே 1966இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் உருவாயிற்று. தமிழ்நாட்டிற்கென 1971இல் ஒரு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. மத்திய அரசின் முதற் சுற்றுலாக் கொள்கை 1982இலும், அடுத்த கொள்கை 2002இலும், தமிழ்நாட்டின் சுற்றுலாக் கொள்கை 2023இலும் வெளிவந்தன. கிராமச் சுற்றுலாவும் தோட்டச் சுற்றுலாவும் இம்மாநிலக் கொள்கையில் இடம் பெற்றுள்ளன.

ஆலோசகர் முடிவெடுப்பவர் அல்லர். புள்ளி விவரங்களைத் திரட்டுகிறார். இடங்களை நேரிற் காண்கிறார். விடுதி நடத்துவோர், வாகன உரிமையாளர் முதலியோரின் மனுக்களைப் படிக்கிறார். செய்யத்தக்க வழிகள் இரண்டு மூன்றை, அவற்றின் நன்மை தீமைகளுடன் குறிப்பாக எழுதி அமைச்சரிடம் வைக்கிறார். முடிவு அமைச்சரவையைச் சார்ந்தது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எவர் கணக்கோடு எழுதி அனுப்புகிறாரோ, அவர் குரலே அக்குறிப்பில் ஏறும். விடுதி உரிமையாளர்களுக்குச் சங்கம் உண்டு, கணக்கெழுதுவோர் உண்டு. வழியோரக் கிராமத்திற்கு எவர் உண்டு? பஞ்சாயத்துதான் உண்டு.

பட்டியலில் இல்லாத பொருள்

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 இனங்களைப் பதினோராம் அட்டவணையில் வகுத்துள்ளது. அப்பட்டியலில் சுற்றுலா என்னும் இனம் இல்லை. ஆனால் குடிநீர் உண்டு, சாலை உண்டு, சுகாதாரம் உண்டு, சந்தைகளும் விழாக் கூட்டங்களும் உண்டு. அதாவது, சுற்றுலாவின் பெயர் பஞ்சாயத்திடம் இல்லை. அதன் சுமைகள் எல்லாம் பஞ்சாயத்திடமே உள்ளன. பயணி தங்கும் விடுதியின் சரக்கு, சேவை வரி மத்திய, மாநில அரசுகளைச் சேர்கிறது. அவர் நடந்து சென்ற தெருவைப் பெருக்கும் செலவோ ஊர்ப் பொது நிதியில் விழுகிறது. பெரியவரின் மனக்குறை நியாயமானது என்பதற்கு இதுவே சான்று.

நான்கு கேள்விகள்

நல்ல ஆலோசகர் எவ்விடத்தைப் பற்றியும் நான்கு கேள்விகளைக் கேட்பார். எத்தனை பேர், எப்பொழுது வருகின்றனர்? அவர்கள் செலவிடும் பணம் எங்கே தங்குகிறது? அவர்களால் ஏற்படும் சுமையை யார் தாங்குகின்றனர்? அவ்விடம் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும்? இந்நான்கில் முதலாவதை மட்டும் பார்த்து, கூட்டம் பெருகுவதே வளர்ச்சி என்று எண்ணியதால் பல இடங்கள் கெட்டன.

நான்காவது கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. கோடை காலத்தில் கொடைக்கானல் மலைச்சாலையில் வாகனங்கள் மணிக்கணக்கில் நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கின்றனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறும் முறை வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரையறை செய்யப்பட்டது. மலை எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்னும் கேள்வி, கூட்டம் அளவு மீறிய பின்னரே நீதிமன்றம் வரை சென்றது. முன்னரே எண்ணிப் பார்த்திருப்பின் கட்டுப்பாடு எளிதாயிருக்கும்.

குமரகத்தின் அனுபவம்

இரண்டாவது கேள்விக்கு விடை தேடிக் கேரளத்திற்குச் செல்வோம். வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ள குமரகம், நெல் வயல்களும் நீரும் சூழ்ந்த ஊர். அங்குப் பெரிய விடுதிகள் எழுந்தன. ஆனால் அவற்றின் அடுக்களைக்கு வேண்டிய காய்கறிகள் பெரும்பாலும் வெளியூரிலிருந்தே வந்தன. ஊராருக்குக் கிடைத்தது மிகக் குறைவு. கேரள அரசு பொறுப்புச் சுற்றுலா என்னும் திட்டத்தைக் கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் 2008இல் தொடங்கியபோது, குமரகத்தில் பஞ்சாயத்து முன்னின்றது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசாகக் கிடந்த நிலத்திலும் காய்கறி பயிரிட்டன. விடுதிகள் அவற்றை வாங்க இசைந்தன. விலையை நிர்ணயிக்க ஒரு குழுவும், தரத்தைப் பார்க்க ஒரு குழுவும் அமைந்தன. ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு தனது 2013ஆம் ஆண்டுக்கான விருதை இம்முயற்சிக்காகக் கேரளத்திற்கு அளித்தது.

இதில் நாம் கற்க வேண்டியது விருதை அன்று. விலைக் குழுவையும் தரக் குழுவையும்தான். வாங்குவோன் ஒருபுறமும் விளைவிப்போன் ஒருபுறமும் நிற்கையில், எந்நாளில், எவ்வளவு, என்ன விலைக்கு என்று பேசி முடிப்பதற்கு ஒரு பொது இடம் வேண்டும். குமரகத்தில் அவ்விடம் அமைந்ததில் ஊர் மக்களுக்கும் பங்கு உண்டு.

நாம் செய்த தவறு

பிறர் அனுபவத்தைக் கூறும் நாம் நம் தவற்றையும் மறைத்தலாகாது. முன்னர் நாம் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில், கோயிலுக்கு நடந்து செல்வோருக்கென ஓர் ஓய்வுக் கொட்டகை கட்டக் குறிப்பு எழுதினோம். புறம்போக்கு நிலம் எளிதிற் கிடைத்த இடத்தில் கட்டடம் எழுந்தது. அங்குக் குடிநீர்க் குழாய் இல்லை. நிழல் தரும் மரமும் இல்லை. நடப்போர் அனைவரும் அரை மைலுக்கு அப்பால், கிணறும் புளிய மரங்களும் உள்ள இடத்திலேயே வழக்கம்போல் தங்கினர். கொட்டகை மாடு கட்டுவதற்குப் பயன்பட்டது. ஊராரில் ஒருவரையேனும், "வழிநடப்போர் எங்கே உட்காருகின்றனர்?" என்று கேட்டிருந்தால் அத்தொகை வீணாகியிராது. கொள்கை வகுப்போர் அனைவருக்கும் நேரக்கூடிய பிழை இது. கட்டடம் கட்டுவது எளிது. பார்ப்பதும் கேட்பதுமே கடினம்.

நம் வட்டாரத்தில் செய்யத்தக்கவை

நம்மிடம் மலையும் இல்லை, ஏரிப் படகும் இல்லை. நம்மிடம் உள்ளது வழி. ஆகவே வழியைப் பற்றியே திட்டமிட வேண்டும்.

முதலாவதாக, எண்ண வேண்டும். தைப்பூசத்திற்கு முந்தைய பத்து நாட்களிலும் பங்குனி உத்திரத்திற்கு முந்தைய பத்து நாட்களிலும், சாலையோரப் பஞ்சாயத்து ஒவ்வொன்றும் இருவரை அமர்த்தி, காலையும் மாலையும் நடப்போரை எண்ணி ஒரு நோட்டில் எழுதலாம். இதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை.

இரண்டாவதாக, கணக்கிட வேண்டும். உதாரணமாக, நாளொன்றுக்கு 2,000 பேர் செல்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு 3 லிட்டர் குடிநீர் எனில் நாளொன்றுக்கு 6,000 லிட்டர். பத்து நாளைக்கு 60,000 லிட்டர். இந்நீரை நாம் குழாய் வைத்து வழங்காவிடில் அவர்கள் பாட்டில் வாங்குவர். ஆளுக்கு இரண்டு பாட்டில் எறிந்தாலும் பத்து நாளில் 40,000 பாட்டில்கள் நம் வயல்களிலும் வாய்க்கால்களிலும் கிடக்கும். ஆகவே தண்ணீர்ப் பந்தல் என்பது தருமம் மட்டும் அன்று; நம் நிலத்தைக் காக்கும் வேலியும் ஆகும். கழிப்பிடத்தையும் பெண்கள் தங்குமிடத்தையும் இவ்வாறே கணக்கிடலாம்.

மூன்றாவதாக, வரவு ஏட்டையும் திறக்க வேண்டும். பத்தில் ஒருவர் ஓர் இளநீர் வாங்கினால் பத்து நாளில் 2,000 இளநீர். ஒன்று 30 ரூபாய் எனக் கொண்டால் 60,000 ரூபாய் ஊரில் தங்கும். மகளிர் குழுக்கள் கம்பங்கூழும், மோரும், அவித்த நிலக்கடலையும் விற்கலாம். பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதிற் சேரும் வாழைப்பழமும் சர்க்கரையும் நெய்யும் விவசாயியின் வீட்டிலிருந்து செல்வனவே. யாத்திரையால் வாழ்வது நகரம் மட்டும் அன்று. கிராமமும் வாழ வழி உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆனால் விலை நியாயமாயிருத்தல் வேண்டும். களைத்து வருபவரிடம் இருமடங்கு வாங்கும் ஊருக்கு அடுத்த ஆண்டு நற்பெயர் இராது.

நான்காவதாக, இக்கணக்குகளைத் தீர்மானமாக எழுத வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. பங்குனி முடிந்தபின் வரும் மே முதல் நாள் கூட்டத்தில் எண்ணிக்கையையும் செலவையும் வரவையும் படித்துக் காட்டுக. அடுத்த பருவத்திற்கு வேண்டியவற்றை நவம்பர்க் கூட்டத்தில் தீர்மானித்து, ஒன்றியத்திற்கும் மாவட்டச் சுற்றுலா அலுவலருக்கும் அனுப்புக. "எங்கள் ஊருக்கு உதவி வேண்டும்" என்று எழுதும் மனுவிற்கும், "எங்கள் ஊர் வழியே இத்தனை பேர் சென்றனர், இத்தனை லிட்டர் நீர் தந்தோம், இத்தனை ரூபாய் செலவாயிற்று" என்று எழுதும் மனுவிற்கும் உள்ள வேறுபாட்டைக் கோப்புகளைப் படிப்பவர் நன்கு அறிவர்.

முதியவரின் கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். ஊருக்கு என்ன மிச்சம் என்பதை வேறெவரும் வந்து நிர்ணயிக்க மாட்டார்கள். எண்ணி எழுதி வைக்கும் ஊருக்கே மிச்சம் உண்டு. வருகின்ற தை மாதத்திற்குள் ஒரு நோட்டும், இரண்டு ஆட்களும், சாலையோரத்தில் ஒரு குழாயும் ஆயத்தமாகுமாயின், இப்பாடம் பயன் பெற்றதாகக் கொள்வோம்.