வேரின் கதவுகள்

கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தைத்தான் நம் கொங்கு நாட்டில் தோட்டம் என்கிறோம். அந்தக் கிணற்று நீரே பயிருக்கும் உயிர். பல வீடுகளுக்கும் குடிநீர். அப்படியிருக்க, தோட்டத்தில் இடும் யூரியா முழுவதும் பயிருக்கே போய்ச் சேருகிறதா? சற்றே ஆராய்வோம்.

யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறுகிறது. பின்னர் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்கள், நைட்ரேட் இரண்டுமே எதிர் மின்னூட்டம் உடையவை. ஆகவே மண் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை. வேர் உறிஞ்சாமல் விட்டது, நீரோடு கீழிறங்கிக் கிணற்றை அடைகிறது.

வேர் வெறும் உறிஞ்சுகுழல் அன்று. அதன் செல் சவ்வில் நைட்ரேட்டை உள்ளே கடத்தும் புரதங்கள் உள்ளன. அவற்றைக் கதவுகள் எனலாம். அக்கதவுகளைச் செய்யும் குறிப்பு மரபணுக்களில், அதாவது ஜீன்களில், இருக்கிறது. தாவரங்களில் இத்தகைய ஜீன் முதன்முதலாக 1993-இல் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் கண்டறியப்பட்டது. அதன் பெயர் என்.ஆர்.டி. 1.1.

நைட்ரேட் வந்தவுடன் என்.எல்.பி. 7 என்னும் புரதம் செல்லின் உட்கருவில் தங்கி, அதை உறிஞ்சுவதற்கான ஜீன்களைத் தூண்டுகிறது. கதவுகள் பெருகுகின்றன. தழைச்சத்து போதுமான அளவு கிடைத்துவிட்டால் ஜீன்கள் அடங்குகின்றன, கதவுகளும் குறைகின்றன. வயிறு நிறைந்த குழந்தை வாயை மூடிக்கொள்வது போலத்தான்! அதற்கு மேல் கொட்டும் உரம் வீணே.

ரகத்துக்கு ரகம் இக்கதவுகள் வேறுபடுகின்றன. நம் நாட்டில் பெரும்பாலும் விளைவது இண்டிகா நெல். இது ஜப்பானிகா நெல்லைவிட நைட்ரேட்டை நன்கு உறிஞ்சுகிறது. ஒரே ஜீனில் ஏற்பட்ட ஓர் எழுத்து மாற்றம் அதற்கு முக்கிய காரணம் என்று சீன விஞ்ஞானிகள் 2015-இல் காட்டினர். இண்டிகாவின் அந்த ஜீனை ஜப்பானிகாவில் சேர்த்தபோது விளைச்சலும் உயர்ந்தது. 1912-இலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் கண்ட நம் கோவைக்கு இது இனிய செய்தியன்றோ!

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. மிஞ்சினால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பாய்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எனவே உரத்தைப் பகிர்ந்து, பயிர் கேட்கும்போது இடுவதே அறிவுடைமை. நெற்பயிரின் தேவையை அறிய இலை வண்ண அட்டை உதவுகிறது. நல்ல ரகங்களைத் தேடுவது விஞ்ஞானிகளின் பணி. இக்கருத்தை வீட்டில் எடுத்துரைப்பது மாணவியராகிய நமது பணி. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா?